பச்சையில் இருப்பதெல்லாம் உதாரணம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்துவைத்ததுபோல ஆகும்.

மலாவி நாட்டு ஸோம்பாவில் சந்தைக்கு மேல்புறம் எனக்கு ஓர் அச்சுக்கடை இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வருஷாவருஷம் என்னிடம் ஒரு கையேட்டை அச்சுக்குத் தருகிற டோரிக்கா நமலோம்பா கடைக்கு வந்தார். அச்சுக்குத் தயாராக இருந்த ஒரு தாளை எடுக்கச் சொன்னார். அதில் ஒரு பெயரை நீக்கிவிட்டு இன்னொரு பெயரை வைக்க வேண்டும் என்றார். தாளின் தலைப்பு [சென்ற பதிப்பில் நேர்ந்த பிழை]. பெயர் வரும் வரி [பிழை யாருடையது]. நீக்கச் சொன்னது எஸ்னாத் மக்வின்ஜா என்ற நர்ஸின் பெயர். வைக்கச் சொன்னது தன்னுடைய பெயர்.

பதினேழு வருஷமாக இந்தக் கடையை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையைவிடத் தன் பெயர் பெரிதாக வர வேண்டும் என்று சண்டை போட்ட மாமன்களைப் பார்த்திருக்கிறேன். பிழைக்குக் கீழே தன் பெயரைப் போடச் சொல்லி, அந்த எழுத்து மற்ற வரிகளின் உயரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். அரைப் புள்ளி கூடுதலாக இருந்தது. குறைக்கச் சொன்னார்.

அவர் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். நான் படித்த பள்ளியில் கடிதம் எழுதுவதற்கு என்றே வாரம் ஒரு வகுப்பு உண்டு. எண் போட்டுப் பத்தி பிரிப்பது அங்கே வந்த பழக்கம். அதனால் இந்தக் கதைக்கும் எண் உண்டு. இன்னும் ஓர் ஏற்பாடு: சதுர அடைப்புக்குள் [இப்படி] இருப்பவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியவை. இரட்டைக் கோணத்துக்குள் «இப்படி» இருப்பவை உதாரணம். அந்த இடத்தில் உங்களுடையதை வைக்க வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. டோரிக்காவின் விதியைத்தான் என்னிடம் இருக்கிற அச்செழுத்துகளுக்குத் தகுந்தபடி மாற்றியிருக்கிறேன்.

நிற்க.

2.

எங்கே தொடங்குவது என்பதில் மூன்று நாள் போயிற்று. எழுதிக் கைவிட்டவற்றை எறியாமல் வைத்திருக்கிறேன்.

தொடக்கம் அ: ஏரிக்கு மேலே சூரியன் வெள்ளித் தட்டாக எழும்பிக்கொண்டிருந்தபோது, மீன் வியாபாரி ட்வாயிபுவின் கைப்பேசி முதன்முறையாக

(விட்டுவிட்டேன். சூரியன் எழும்பியபோது நான் அங்கே இல்லை. ட்வாயிபுவே விடிந்து ஒன்பது மணிக்குத்தான் வந்தது என்கிறார்.)

தொடக்கம் ஆ: மனிதன் மனிதனுக்குச் செய்முறை சொல்லத் தொடங்கிய காலத்திலிருந்தே

(இது எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.)

தொடக்கம் இ: ம்லோண்டா என்றால் காவல்காரன்.

இது பரவாயில்லை. ம்லோண்டா என்றால் காவல்காரன். கிளினிக்குகளில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜைக் காவல் காக்கிற சாஃப்ட்வேருக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும். சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் அது ஒரு கைப்பேசிக்கு மெசேஜ் அனுப்பும். மெசேஜ் பார்த்தவர் ஓடிப்போய் கரண்ட் இருக்கிறதா, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கைப்பேசிக்கு அனுப்புவது என்பதை ஒவ்வொரு கிளினிக்கும் தானே பதிந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று சொல்ல ஒரு கையேடு இருக்கிறது. கணினியில் எல்லோரும் சேர்ந்து எழுதுவது. மலாவியிலிருந்தும் ஸாம்பியாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அறுபது பேர். நர்ஸ், மின்சார மெக்கானிக், புரோகிராம் எழுதுகிறவர், யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். வருஷம் ஒருமுறை நான் அதை அச்சடித்து, லேமினேட் செய்து, நானூற்றுப் பன்னிரண்டு கிளினிக்குகளுக்குக் கட்டித் தருகிறேன். கறுப்பு மை மட்டும்.

அறுபது பேர் எழுதினால் அறுபது சமையல். ஒருவர் பொத்தானின் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவார். இன்னொருவர் அடிக்கோடு போடுவார். மூன்றாமவர் எதுவும் போடாமல் 'அதை அமுக்கவும்' என்று முடித்துவிடுவார். ஒருவர் எச்சரிக்கையைப் படிக்கு முன்னால் சொல்வார். இன்னொருவர் எல்லாம் செய்து முடித்த பிறகு 'இதைச் செய்வதற்கு முன் மருந்தை வெளியே எடுக்க மறக்காதீர்' என்பார். இந்த அறுபது கையையும் ஒரு கையாக்குவதுதான் டோரிக்காவின் வேலை. அவர் பார்த்து ஒப்புதல் தராமல் ஒரு வரியும் உள்ளே போகாது.

அவருடைய விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. ஒரு படியை நீக்கினால் அதன் எண்ணை நீக்கக் கூடாது. ஏழாம் படி தேவையில்லை என்று ஆகிவிட்டால், ஏழு என்று போட்டு, [இந்தப் படி நீக்கப்பட்டது] என்று எழுத வேண்டும். எட்டு ஏழாகக் கூடாது. காரணம், சந்தேகம் வந்த நர்ஸ் தொலைபேசியில் கூப்பிடுவார். ஆஃபீஸிலிருந்து "ஒன்பதாம் படிக்குப் போங்க, அமாயி" என்பார்கள். நர்ஸின் சுவரில் தொங்குவது போன வருஷத்துத் தாளாக இருக்கலாம். இரண்டு தாளிலும் ஒன்பது ஒன்பதாகவே இருக்க வேண்டும்.

மலாவியில் எந்த ஆணையும் பாம்போ என்றும் எந்தப் பெண்மணியையும் அமாயி என்றும் கூப்பிடலாம். ஆனால் டோரிக்காவைக் கூப்பிடும்போது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கூப்பிடுகிறார்கள். இதை நான் கவனித்திருக்கிறேன்.

3.

ட்வாயிபு ஏரியின் கிழக்குக் கரையில் உசிப்பா விற்கிறவர். விரல் நீளக் கருவாடு. காயவைத்து மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார். கொஞ்சம் பச்சை மீனும் ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார். கடைச் சுவரில் தன் கைப்பேசி எண்ணை ஆள் உயரத்துக்கு எழுதிவைத்திருக்கிறார். (அந்த எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் யாராவது அடித்துப் பார்ப்பீர்கள்.)

முதல் மெசேஜ் வந்தது: [நாகிரி. பெட்டி 9.6. உடனே பார்.]

ட்வாயிபு எழுந்து போய்த் தன் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ் கொஞ்சம் உருகித்தான் இருந்தது. இரண்டு கட்டி வாங்கிப் போட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்தது. மறுபடி ஐஸ். பக்கத்துக் கடைக்காரர் கேட்டார்: "என்ன பாம்போ, மீனுக்குக் குளிர் காய்ச்சலா? மூணு நாளா ஐஸ் மேல ஐஸா கொட்டறீங்க."

"யாரோ நாகிரியாம். பொம்பளை பேரு மாதிரி இருக்கு. என் பெட்டி சூடாகுதுன்னு அங்க இருந்தே சொல்றா."

"அவ்வளவு தூரத்துல இருந்தா? உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

நான்காம் நாள் நாகிரியோடு இன்னும் இரண்டு பெயர்கள் வந்தன. அதில் ஒன்று லாரி டிரைவருக்குத் தெரிந்த ஊர். அங்கே கிளினிக் இருக்கிறது, கிளினிக்கில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று டிரைவர் சொன்னார். ட்வாயிபுவுக்கு விஷயம் புரிந்தது. ஏன் தனக்கு வருகிறது என்பது மட்டும் புரியவில்லை. ஆனால் வந்த சேதியைச் சேர்த்துவிட வேண்டியதுதானே. லாரி போகிற வழியில் எந்த ஊர் பெயர் வந்தாலும் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்: "அந்த கிளினிக்ல நிறுத்தி, பெட்டி சூடாகுதுன்னு சொல்லிட்டுப் போ."

ஐந்து வாரம் இது நடந்தது. பதினெட்டு கிளினிக். லாரிக்காரர் வந்து ஹாரன் அடிப்பார், நர்ஸ் வெளியே வருவார், "உங்க பெட்டி ஒம்பதரை, அமாயி" என்பார், போய்விடுவார். நர்ஸ் உள்ளே ஓடிப்போய்ச் சரிசெய்வார். ஒருவரும் ஆஃபீஸுக்குப் புகார் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு விசாரித்தபோது ஒரு நர்ஸ் சொன்னது: "ம்லோண்டா இப்படித்தான் வேலை செய்யும்னு நினைச்சோம். சேதி மீன் லாரியில வரும்னு."

(இந்தப் பகுதியில் நான் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்த இடமே இல்லை.)

பிறகு ஒருநாள் மலைமேல் இருக்கிற ஒரு கிளினிக்கின் பெயர் வந்தது. அந்தப் பக்கம் மீன் லாரி போவதில்லை. ட்வாயிபு ஒருநாள் முழுக்க யார் யாரையோ கேட்டுப் பார்த்தார். மெசேஜ் வந்துகொண்டே இருந்தது: பத்து, பன்னிரண்டு, பதினைந்து. கடைசியில் தெருவைத் தாண்டி எதிரே இருந்த கிளினிக்குக்குப் போய், அங்கே இருந்த நர்ஸிடம் கைப்பேசியை நீட்டினார். "அமாயி, இந்த ஃப்ரிட்ஜெல்லாம் எதுக்கு எனக்கு எழுதுது?"

அந்த நர்ஸ்தான் எஸ்னாத் மக்வின்ஜா. கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தை எழுதியவர்.

4.

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. எண் மாறாது.]

5.

நீக்கியது ஏன் என்று சொல்ல வேண்டும். நான்காம் பகுதியில் மலைக் கிளினிக்கில் ஒரு குழந்தையைச் சாகவைத்திருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. இரண்டாம் முறை படித்தபோது, வாசகரை அழவைக்க ஒரு குழந்தையைக் கடன் வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. கிழித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: எஸ்னாத் தொலைபேசியில் கூப்பிடுவதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த மருந்து முழுக்கக் கெட்டுப்போயிற்று. தடுப்பூசி நாளன்று குழந்தையைச் சுமந்துகொண்டு மலையேறிய அறுபத்திரண்டு தாய்மார்களைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அவர்கள் மறுபடி ஏறினார்கள். அறுபத்திரண்டு பேரும் வந்தார்களா என்று டோரிக்கா எழுதிக் கேட்டார். வந்தார்கள்.

நிற்க. கூட்டத்துக்கு வருகிறேன்.

டோரிக்கா என் கடைக்கு வந்த செவ்வாய்க்கு முந்தைய வியாழக்கிழமை, ஸோம்பா ஆஃபீஸில் ஃபைசன் லிகோங்வேயும் டோரிக்காவும் ஒரு மேஜையில். ஃபைசன்தான் ம்லோண்டாவுக்குத் தலைவர். புரோகிராமின் பெரும்பகுதி அவர் எழுதியது. மற்றவர்கள் திரையில். எஸ்னாத் கரகரக்கிற லைனில்.

"எஸ்னாத் அமாயி, முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கற அந்த நம்பர் யாரோடது?" என்றார் ஃபைசன்.

"எதிர்க்கடை மீன்காரரோடது."

"அது எப்படிங்க கையேட்டுக்குள்ள வந்துச்சு?"

"உதாரணத்துக்குப் போட்டேன். நானா ஒரு நம்பர் கற்பனை பண்ணினா அது எங்கேயாவது ஒருத்தரோடதா இருந்து, தெரியாத மனுஷனுக்குத் தொந்தரவு ஆயிடும். இவரு தெரிஞ்ச மனுஷன்."

திரையில் ஸாம்பியாவிலிருந்து பேசிய லுசாக்காக்காரர் சிரித்தார். "கமிஷன் எவ்வளவு, அமாயி? மாசம் ஒரு கூடை உசிப்பாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்னாத் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை.

"லைன் போயிடுச்சா?" என்றார் ஃபைசன்.

"லைன் இருக்கு," என்றார் எஸ்னாத்.

ம்லோண்டாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பின் முதல் தாளிலும் சென்ற பதிப்பின் பெரிய பிழையை அச்சிடுவார்கள். என்ன பிழை, யாருடையது, வரலாற்றில் எந்த இடம் என்று மூன்று வரி. பெயர் வந்தவர் ஒரு பதிப்புக் காலத்துக்குக் கையேட்டில் கை வைக்கக் கூடாது. தண்டனை என்று சொல்வதில்லை, ஓய்வு என்பார்கள். ஃபைசன் பெயரே ஒரு வருஷம் வந்திருக்கிறது. ஆனால் ஃபைசனின் பெயருக்கு முன்னும் பின்னும் நூறு இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. எஸ்னாத்துக்கு இருந்தது ஒரே ஒரு பக்கம். கரண்ட் போனால் மருந்தை எப்படிக் காப்பது என்று அடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

தாளை எழுதுகிற பொறுப்பு டோரிக்காவுடையது. திங்கள் காலை முதல் இரண்டு வரிகளை எனக்கு அனுப்பினார். எஸ்னாத் பெயர் இருந்தது. மூன்றாம் வரியை மதியத்துக்குள் அனுப்புவதாக எழுதியிருந்தார்.

மூன்றாம் வரியை நிரப்ப வரலாற்றைத் திறக்க வேண்டும். கணினியில் எழுதுகிற கையேட்டில் இது ஒரு வசதி: யார், எந்த நாள், எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பது அத்தனையும் அழியாமல் இருக்கும். முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு ஏழு பதிவுகள் இருந்தன. டோரிக்கா முதலாவதைத் திறந்தார்.

எஸ்னாத்தின் பக்கம். எண் பச்சை நிறத்தில் இருந்தது. பக்கத்தின் தலையில் ஒரு வரி: [இந்தப் பக்கத்தில் பச்சையில் இருப்பதெல்லாம் உதாரணம்.]

டோரிக்கா ஐந்தாவதைத் திறந்தார். எண்ணைச் சுற்றி ஒரு கட்டம் இருந்தது. பச்சை இல்லை. கையேட்டில் கட்டத்துக்குள் இருப்பதை அப்படியே தட்ட வேண்டும். உதாரணம் என்றால் சாய்வெழுத்தில் இருக்கும். தலையில் இருந்த வரி மட்டும் அப்படியே நின்றது. பச்சையில் இருப்பதெல்லாம் உதாரணம். மலைக் கிளினிக்கோடு சேர்த்துப் பத்தொன்பது நர்ஸுகள் பச்சையைத் தேடியிருப்பார்கள். இல்லை. ஆக இந்தப் பக்கத்தில் உதாரணமே இல்லை என்று முடிவு செய்து, கட்டத்துக்குள் இருந்ததை ஒழுங்காகத் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. விதியைப் படித்தவர்கள் அவர்கள்தான்.

ஐந்தாவது பதிவின் பெயர்: [டோ. நமலோம்பா]. குறிப்பு: [வடிவம் மட்டும். பொருள் மாறவில்லை.]

அச்சில் நிறம் வராது என்பதால் நிறத்தையெல்லாம் எடுத்து, எண்களையெல்லாம் கட்டத்துக்குள் போட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை ஒரே வீச்சில் ஒழுங்குபடுத்திய நாள் அது. அவருக்கே நினைவிருந்தது, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். இரண்டு பேர் பார்த்து ஒப்ப வேண்டும் என்பது விதி. ஃபைசனும் லுசாக்காக்காரரும் ஒப்பியிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் நான்கு நிமிஷத்தில். [வடிவம் மட்டும்] என்று டோரிக்கா எழுதியிருக்கும்போது யார் திறந்து பார்ப்பார்கள்?

டோரிக்கா ஒரு தாளை எடுத்து, பச்சை இருந்த வேறு பக்கங்கள் எத்தனை என்று எண்ணினார். இரண்டு. இரண்டிலும் கெடுதல் நேரவில்லை. அதன் பிறகு ஃபைசனைக் கூப்பிட்டார்.

ஃபைசன் மந்தாசி என்கிற எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்றுகொண்டே வந்து திரையைப் பார்த்தார். தின்பதை நிறுத்தினார். கையைத் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை எழுதிவிட வேண்டும்.

"அமாயி, ஒக்காருங்க. ஒண்ணு சொல்றேன். இந்த அஞ்சாவது பதிவை யாரு தேடிப் பாக்கப்போறா?"

"நான் பாத்தேனே."

"நீங்க பாப்பீங்க. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கு. உங்க பேரு வந்தா ஒரு வருஷம் நீங்க இதைத் தொடக் கூடாது. நீங்க தொடலைன்னா இந்தக் கையேடு சனிக்கிழமை சந்தை மாதிரி ஆயிடும். நானூத்திப் பன்னெண்டு கிளினிக். எஸ்னாத்துக்கு என்ன போச்சு? ஒரு பக்கம் எழுதினாங்க. அடுத்த வருஷம் இன்னொண்ணு எழுதுவாங்க."

"சரி."

"சரியா?"

"நீங்க சொல்றது சரி. கையேட்டுக்கு அதுதான் நல்லது."

"அப்ப விட்டுடலாம்ல?"

டோரிக்கா திரையில் இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பச்சை இருந்தது இடப்பக்கம், கட்டம் போட்டது வலப்பக்கம்.

"நாளைக்குப் புதுசா ஒருத்தர் வருவாங்க. இந்தத் தப்பு எப்படி நடந்துச்சு, நாம அதைப் பண்ணிடக் கூடாதுன்னு முதல் தாளைப் பாப்பாங்க. எஸ்னாத்னு போட்டிருந்தா எஸ்னாத் எழுதின பக்கத்துக்குப் போவாங்க. அங்க தப்பு இல்லை, ஃபைசன். எல்லாம் சரியா இருக்கு. பச்சைன்னு சொல்லியிருக்காங்க, பச்சையில இருக்கு. அவங்க எங்க போய்த் தேடுவாங்க? தப்பு இல்லாத இடத்துக்கு வழி காட்டற கைகாட்டி எதுக்கு?"

ஃபைசன் குனிந்து இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "என் பேரையும் போடுங்க. நாலு நிமிஷத்துல ஒப்பினவன் நான்தான்," என்றார்.

"அதுக்கு அந்தத் தாள்ல வரி இல்லை," என்றார் டோரிக்கா.

6.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் இருக்கும். இவ்வளவு நேராக ஒருவர் இருந்தால் கதைக்குள் நிற்பாரா? பாத்திரத்துக்கு ஒரு கோணல் வேண்டும் என்பார்கள். அதனால் இப்படி ஒரு பத்தி எழுதினேன்: அன்று மாலை டோரிக்கா வீட்டுக்குப் போகும் வழியில் மலையைப் பார்த்தபடி நின்றார். அவருடைய உள்ளத்தில் ஆயிரம்

(ஆயிரம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நேரே கேட்டுவிட்டேன்.)

"கொஞ்சம்கூடத் தோணலையா, அமாயி? சும்மா விட்டுடலாம்னு?"

"தோணுச்சு. பதினொரு நிமிஷம்."

"அதென்ன பதினொண்ணு?"

"அந்தப் பதிவைத் திறந்த நேரம் கம்ப்யூட்டர்ல இருக்கு. ஃபைசனைக் கூப்பிட்ட நேரம் போன்ல இருக்கு. கழிச்சுப் பாத்தேன்."

"பச்சைப் பக்கம் எண்ணினது?"

"அது நாலு நிமிஷம். அதைக் கழிச்சா ஏழு."

ஏழு நிமிஷம் அவர் என்ன நினைத்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏழு நிமிஷத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

செவ்வாய் காலை, பெயர் மாற்ற என் கடைக்கு வருவதற்கு முன்பே, எஸ்னாத்தைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பேச்சு எஸ்னாத் மூலமாக எனக்குக் கிடைத்தது.

"என் பச்சையை எடுத்தது நீங்களா, அமாயி?"

"நான்தான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும். இனிமே கேக்கறேன். ஆனா பச்சை வேண்டாம். அச்சுல கறுப்புதான் வரும். உதாரணம்னா சாய்வெழுத்து."

"எனக்கு மட்டும் தெரியாதா? சாய்வுக்கு எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு உங்க விதிப் பக்கத்துல எங்கேயாவது இருக்கா? சாய்வா இருக்கணும்னு மட்டும் பதினாலு இடத்துல இருக்கு. தேடித் தேடிப் பாத்துட்டுத்தான் பச்சையை அமுக்கினேன்."

எஸ்னாத் லைன் போய்விட்டது என்று நினைத்தாராம்.

"எழுதிக்கிட்டு இருக்கேன்," என்றாராம் டோரிக்கா. "சொல்லுங்க. வேற என்ன என்ன தேடினீங்க?"

ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம். எஸ்னாத் தேடிக் கிடைக்காதவை இருபத்திமூன்று. பெரிய பதவியில் இருக்கிற பலரைப் பார்த்தாயிற்று. தன் வேலையில் இருக்கிற ஓட்டையைச் சொல்கிறவரிடம் "வேற என்ன" என்று கேட்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

7.

எழுதியதை டோரிக்காவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவரைப் பற்றியது, அவர் ஒப்புதல் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் அவர் பாஷையில் சொல்லச் சொல்ல, அவர் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத தாள்களில் மூன்று குற்றம் கண்டுபிடித்தார்.

"இங்க ஒத்தைக் குறி போட்டிருக்கீங்க. இங்க இரட்டை. ரெண்டுக்கும் காரணம் இருக்கா?"

இருந்தது. ஒற்றை, கையேட்டில் எழுதியிருந்தது. இரட்டை, வாயால் பேசியது. ஒப்பினார்.

"இந்தப் பக்கத்துல வரி நடுவுலேயே நிக்குது. மறந்துட்டீங்களா?"

எழுதிக் கைவிட்டவை என்று சொன்னேன். வேண்டுமென்றே விட்டதாகப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களா என்றார். அடைப்புக்குள் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"மூணுக்கு அப்புறம் அஞ்சு இருக்கு."

இதில்தான் மாட்டிக்கொண்டேன். நான்காம் பகுதியைக் கிழித்தபோது எண்ணையும் சேர்த்துக் கிழித்திருந்தேன். அடுத்ததை நான்காக்க மறந்துபோயிருந்தது. "மாத்திடறேன், அமாயி. அஞ்சை நாலாக்கிடறேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டாம் பகுதியில் அந்த விதியை மெச்சி ஒரு பத்தி எழுதியவன் நான். நான்கை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். நீங்கள் மேலே பார்த்தது அதுதான்.

எழுந்து போகும்போது கேட்டார்: "என்னை நல்லவள்னு எத்தனை இடத்துல எழுதியிருக்கீங்க?"

"அந்த வார்த்தையிலேயா? எங்கேயும் இல்லை."

"வேற வார்த்தையில?"

எண்ணிப் பார்த்தேன். ஆறு இடத்தில்.

"ரெண்டு போதும்," என்றார்.

நான்கை எடுத்திருக்கிறேன். மீதி எந்த இரண்டு என்று தேட வேண்டாம்.

8.

முடிவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முடிவு அ: குழு கூடுகிறது. வழக்கம் வழக்கம்தான், ஆனால் டோரிக்காவுக்கு மட்டும் விலக்கு என்று ஒருமனதாகத் தீர்மானிக்கிறார்கள். லுசாக்காக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். (இதை டோரிக்காவே ஒப்ப மாட்டார். ஒருவருக்கு மட்டும் வேறு வடிவம் என்றால் அப்புறம் அது என்ன கையேடு?)

முடிவு ஆ: டோரிக்காவின் இடத்தில் எஸ்னாத் உட்காருகிறார். இருபத்திமூன்று ஓட்டைகளை அறிந்தவர் அல்லவா. (எனக்கு ஆசைதான். உருண்டையாக இருக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது. எஸ்னாத்துக்கு ஏற்கெனவே ஒரு கிளினிக் இருக்கிறது.)

முடிவு இ: சரிபார்க்க ஒரு புரோகிராம் எழுதிவிடுகிறார் ஃபைசன். கட்டம், சாய்வு, எண் எல்லாவற்றையும் அது ஒரு நொடியில் பார்த்துவிடுகிறது. (முப்பத்தொன்றாம் பக்கத்தை அது பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று சொல்லியிருக்கும். கட்டம் கட்டமாகத்தானே இருந்தது.)

என்ன நடக்கும் என்பது இந்தத் தாள் அச்சேறும்வரை எனக்குத் தெரியாது. குழு அடுத்த திங்கள்தான் கூடுகிறது. அச்சு வெள்ளிக்கிழமை முடிந்தாக வேண்டும். நடந்தவை மட்டும் இவை: விதிப் பக்கத்தில் இரண்டு வரி சேர்ந்திருக்கிறது. ஒன்று, சாய்வெழுத்துக்கு எந்தப் பொத்தான் என்பது. இன்னொன்று: [வடிவம் மட்டும் என்று எவரும் குறிப்பு எழுதக் கூடாது.] எஸ்னாத் கரண்ட் போகிற பக்கத்தை எழுதி முடித்துவிட்டார், சாய்வெல்லாம் சரியாக இருக்கிறது. பத்தொன்பது கிளினிக்குகளும் தங்கள் எண்ணைப் பதிந்துகொண்டன. ட்வாயிபு நேற்று எஸ்னாத்திடம் வந்து கேட்டிருக்கிறார்: "நாலு நாளா ஒண்ணும் வரலை, அமாயி. எல்லாப் பெட்டியும் நல்லா இருக்கா? நாகிரி எப்படி இருக்கு?"

மறு வாரம் புதன்கிழமை டோரிக்கா மறுபடி கடைக்கு வந்தார். முதல் தாளின் அடியில் ஒரு வரி எப்போதும் உண்டு: [இந்தப் பதிப்பைச் சரிபார்ப்பவர்], அதற்கு எதிரே ஒரு பெயர். எட்டு வருஷமாக அங்கே அவர் பெயரைத்தான் நான் அச்சடித்திருக்கிறேன். எனக்குப் பழக்கமாகிவிட்டதால் இந்த முறையும் கோத்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். மேலே, பிழைக்கு எதிரே இருந்த தன் பெயரையும் பார்த்தார். ஒரே தாளில் இரண்டு இடத்தில்.

"கீழ இருக்கறதை எடுத்துடுங்க," என்றார்.

"யார் பேரு வைக்கட்டும்?"

"தெரியாது. திங்கக்கிழமை முடிவானதும் அவங்கவங்க பேனாவால எழுதிக்கட்டும். சாய்வுல 'பெயர்'னு மட்டும் போடுங்க."

"நானூத்திப் பன்னெண்டு தாள்லயும் காலியாவா, அமாயி?"

"காலி இல்லை. சாய்வுல இருக்குல்ல. எழுத இடம் இருக்குன்னு அர்த்தம்."

அளவுகோலை எடுத்து அந்த இடத்தின் அகலத்தை அளந்தார். நீளமான பெயராக இருந்தாலும் கொள்ள வேண்டும் என்றார். இரண்டு விரல்கடை கூட்டி வைத்தேன். பணம் கொடுத்துவிட்டு, சந்தை வழியாக இறங்கிப் போனார்.

அந்தத் தாளின் கடைசி வரியை அதே அளவில் இங்கேயும் கோத்திருக்கிறேன். இதுவரை படித்தவர் நீங்கள். எங்கே பச்சை விட்டுப்போயிற்று, எங்கே கட்டம் தவறி விழுந்தது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கோணத்துக்குள் இருப்பதை அப்படியே படியெடுத்துவிடாதீர்கள். அது உதாரணம்.

[இந்தப் பதிப்பைச் சரிபார்ப்பவர்]: «பெயர்»